வடக்கு வீதியில் இரண்டு சென்ரிமீற்றர்

நவம்பர் 8, ஞாயிறு

நிர்வாக சபைக் கூட்டம் இரண்டே முக்கால் மணித்தியாலம் நடந்தது. பேசியது ஒரேயொரு விடயம்: கோயிலுக்கு வாங்கியிருக்கிற குட்டி வாகனத்தின் முன்னால் பூட்டும் பனித் தகடு இரும்பா, பிளாஸ்டிக்கா. முடியும்போது வடையும் ஆறிவிட்டது, தேநீரும் ஆறிவிட்டது.

பின்னொரு நாள் யாராவது இந்தக் கொப்பியைப் புரட்டினால் விளங்க வேண்டும் என்பதற்காக விபரமாகவே எழுதுகிறேன். எங்கள் முருகன் கோயில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே, எட்டு ஏக்கர் காணியில் தனியாக நிற்கிறது. வாகனத் தரிப்பிடம் முழுக்கச் சல்லிக்கல். கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதியும் கொங்கிறீற். போன வருடம்வரை பக்கத்துத் தோட்டக்காரர் தன் டிராக்டரால் பனி தள்ளித் தந்தார். அவர் காணியை விற்றுவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் இந்த வாகனம். கடைக்காரர் இதைச் சைட்-பை-சைட் என்கிறார். இரண்டு பேர் அருகருகே இருக்கலாம், பின்னால் சாமான் ஏற்ற ஒரு பெட்டி, நாலு தடித்த சில்லு. மடைப்பள்ளிப் பெண்கள் குட்டி ஜீப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஓட்டப்போவது நான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடம் இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துவிட்டு ஓய்வெடுத்தவன். இரும்பைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது. கேட்டார்கள்தான். கூடவே தர்மகுலத்திடமும் கேட்டார்கள். அவன் இருபத்திரண்டு வருடம் பெரிய டிரக் ஓட்டியவன், என் பள்ளித் தோழன், குளிர்கால வீதியெல்லாம் தன் பெயரில் காணி உறுதி எழுதியிருக்கிறது என்ற நினைப்பு.

"மச்சான், உந்தச் சின்ன வண்டிக்கு இரும்பு பாரம். முன்பக்கம் கூனிப்போடும். ஈர ஸ்னோ எண்டால் இரும்பிலை அப்பிக்கொண்டு நிக்கும். பிளாஸ்டிக்கிலை வழுக்கிக்கொண்டு போயிடும்" என்றான்.

"பிளாஸ்டிக் வாளி குளிருக்கை வெடிக்கிறதை நீ காணேல்லையோ?"

"இது வாளிப் பிளாஸ்டிக் இல்லை. ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. அடியிலை றப்பர் விளிம்பும் போடலாம், கொங்கிறீற்றைக் கீறாது."

"றப்பரை வைச்சு உறைஞ்ச ஸ்னோவை வழிக்கப் போறியோ? தடவித்தான் விடலாம்."

இப்படியே போனது. கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முருகன்ரை வேலாயுதத்தைப் பிளாஸ்டிக்கிலை ஆராவது செய்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். உடனே வாக்கெடுப்பும் வைத்தார். ஐந்துக்கு நாலு, இரும்பு வென்றது. இதுவொரு நியாயமா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் வென்றது வென்றதுதான்.

தோற்ற கையோடு தர்மகுலம் ஒரு நிபந்தனை போட்டான். தகட்டின் அடியில் இரண்டு பக்கமும் கோப்பித் தட்டு அளவில் இரும்புப் பாதம் இருக்கும். அதற்குச் சப்பாத்து என்று பெயர். அதை இரும்பு முளையால் பூட்டினால் தகடு நிலத்தில் படாமல் இரண்டு சென்ரிமீற்றர் மேலே நிற்கும். சல்லியில் அது இல்லாமல் முடியாது, கல்லையெல்லாம் அள்ளிவிடும். கொங்கிறீற் வீதியிலும் அதைக் கழற்றக்கூடாது, கால் பிடிக்க இரண்டு சென்ரிமீற்றர் பனியை விட்டே தள்ள வேண்டும் என்றான். கூட்ட அறிக்கையில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

குட்டி ஜீப்புக்குப் பூசை. தகட்டுக்குச் சந்தனம், குங்குமம், நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம். கறுப்புப் பூச்சு மினுங்குகிற ஆறடித் தகடு. அதில் என் முகம் தெரிந்தது.

குருக்களுக்கு இது முதல் குளிர்காலம். சபேசக் குருக்கள், முப்பத்துநாலு வயது, சித்திரையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். மனைவியும் ஐந்து வயது மகளும் அங்கே விசாப் பத்திரம் வரும் என்று காத்திருக்கிறார்கள். இவருடைய ஒப்பந்தத்தை மார்ச்சில் புதுப்பித்தால்தான் அவர்களுடைய அலுவல் நகரும். மகளுக்குக் காட்டவென்று வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அவருக்கு வாளி விடயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். மூலஸ்தானத்தில் அபிஷேகம் செய்த பாலும் தண்ணீரும் வடக்குச் சுவரில் இருக்கிற கோமுகி வழியாக வெளியே வடக்கு வீதியில் விழும். கோடையில் பிரச்சினையில்லை. குளிர்காலத்தில் கோமுகியின் கீழே வாளி வைத்து, நிரம்ப நிரம்ப உள்ளே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். வீதியில் உப்புப் போடுவதில்லை, அங்கே சப்பாத்தில்லாமல் நடக்கிறவர்களின் பாதம் வெடிக்கும். மணலும் இல்லை, மண்டபத்துக்குள் வந்துவிடும்.

"வாளியை மறக்கமாட்டன் அண்ணை" என்றார்.

டிசம்பர் 4, வெள்ளி

முதல் பனி. பதினொரு சென்ரிமீற்றர், கோதுமை மா மாதிரி உலர்ந்த பனி. இரும்பு வழித்த வழியைப் பார்க்க வேண்டும். தர்மகுலம் மண்டப வாசலில் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

காப்புறுதிக்காரருக்குப் பனி தள்ளிய பதிவேடு வேண்டுமாம். நீலக் கோப்பு ஒன்று தந்திருக்கிறார்கள். திகதி, எத்தனை சென்ரிமீற்றர், சப்பாத்து போட்டிருந்ததா, வீதியில் எவ்வளவு விட்டது. தினமும் அதே வரிதான் என்பதால் பனி அறிவித்தால் முதல்நாள் மாலையே எழுதி வைத்துவிடுகிறேன். காலையில் கை விறைக்கும்போது பேனா பிடிக்க முடியாது.

டிசம்பர் 12, சனி

ஈரப் பனி. அவன் சொன்னபடியே ஆயிற்று. தகட்டில் அப்பிப் பிடித்துக்கொண்டு உருள மாட்டேன் என்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி மண்வெட்டியால் சுரண்டினேன். அரை மணித்தியால வேலை இரண்டு மணித்தியாலம் ஆனது.

வீட்டுக்கு வந்து மனைவி சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, புதுத் தோசைக்கல்லும் உப்பிடித்தான் ஒட்டும். வெங்காயத்தைப் பாதியா வெட்டி, நல்லெண்ணெயிலை தோய்ச்சுத் தேயுங்கோ" என்றாள். முப்பத்துமூன்று வருடம் இரும்போடு வேலை செய்தவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாள்.

டிசம்பர் 13, ஞாயிறு

வெங்காயமும் நல்லெண்ணெயும் தேய்த்தேன். உண்மையைச் சொன்னால் அரை நாள் நன்றாக வேலை செய்தது. வடக்கு வீதி முழுக்கக் குசினி வாசம். தர்மகுலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், ஸ்னோவைத் தாளிக்கிறியோ?"

மடைப்பள்ளியில் இப்போது எல்லோரும் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டிசம்பர் 27, ஞாயிறு

முன் ஸ்பிரிங் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 8, வெள்ளி

புவனராணி அக்காவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுபத்தொரு வயது. ஒவ்வொரு வெள்ளியும் வந்து, வெளிவீதியைச் சப்பாத்தில்லாமல், காலுறையோடு மட்டும் மூன்றுமுறை சுற்றுவார். என்ன நேர்த்திக்கடன் என்று சொல்ல மாட்டார், நானும் கேட்டதில்லை. இன்றைக்கு மூன்றாவது சுற்று முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்தார்.

"தம்பி, உந்தக் கொஞ்ச ஸ்னோவை என்னத்துக்கு விட்டிட்டுப் போறீர்? சொக்ஸ் நனைஞ்சு கால் விறைக்குது."

நான் வாய் திறக்குமுன் தர்மகுலம் சொன்னான்: "அது அவன்ரை பிழை இல்லை அக்கா. வண்டியின்ரை சப்பாத்தைக் கழட்டக்கூடாது எண்டு நான்தான் சொன்னனான். வழிச்சுத் துடைச்சால் வழுக்கும்."

"இரும்பு எண்டால் கொங்கிறீற் தெரிய வழிக்கலாம் அக்கா. சபைதான் விடேல்லை" என்றேன். நான் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 21, வியாழன்

நாளை தைப்பூசம். எண்பத்துநாலு பால்குடம், நானூறு பேர் வருவார்கள். இரவுக்கு எட்டு சென்ரிமீற்றர் என்று அறிவித்திருக்கிறார்கள். நீலக் கோப்பை எழுதி வைத்துவிட்டேன்.

தர்மகுலம் நாளைக்கு வரமாட்டான். மகளின் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாம்.

ஜனவரி 22, வெள்ளி

காலை ஐந்தரைக்குப் போனேன். தரிப்பிடம் தள்ளி முடிக்க ஆறே கால். பிறகு வீதிகள்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வீதி வடிவாக இருக்கிறதென்று தலைவர் என் தோளில் தட்டினார். மொன்றியலிலிருந்து வந்தவர்கள்கூடக் கேட்டார்கள், யார் இப்படித் துப்புரவாக வழித்தது என்று. பால்குடங்கள் எட்டு மணிக்கு உள்ளே போயின. அபிஷேகம் ஒன்பதரைவரை நடந்தது. சுகிர்தா மஞ்சள் சேலை உடுத்தியிருந்தாள். பஞ்சாமிர்தம் போதவில்லை, இரண்டாம் தரம் கரைத்தார்கள்.

பத்து மணியளவில் புவனராணி அக்கா வடக்கு வீதியில் விழுந்துவிட்டார். கோமுகிக்கு நேரே. வாளி நிரம்பி வழிந்து உறைந்திருந்தது. அம்புலன்ஸ் வர இருபத்தாறு நிமிடம். என் ஜக்கெற்றைக் கழற்றிப் போர்த்தினேன். அவர் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்கு மறுபடி பனி கொட்டத் தொடங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஜனவரி 23, சனி

இடுப்பெலும்பு முறிவு. இன்றைக்குச் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், பார்க்க விடவில்லை.

ஜனவரி 24, ஞாயிறு

அவசரக் கூட்டம். தலைவர் நீலக் கோப்பைக் கொண்டுவந்து எழுந்து நின்று வாசித்தார். "ஜனவரி இருபத்திரண்டு. சப்பாத்து போட்டிருந்தது. வீதியில் விட்டது, இரண்டு சென்ரிமீற்றர்." என் கையெழுத்து. "கனகேந்திரன் தன்ரை வேலையைச் சரியாச் செய்திருக்கிறார். பிழை வாளியிலை" என்றார்.

எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஆறுதரம் வாளி மாத்தினனான். ஏழாந்தரம் தீபாராதனை. மணியை விட்டிட்டு வர ஏலாமல் போச்சு. கொஞ்சம் வழிஞ்சிட்டுது. ஓம், என்ரை பிழைதான்."

உண்மையில் ஒரு ஆளையாவது வாளிக்கென்று நிறுத்தியிருக்க வேண்டும். அதைச் சபை செய்யவில்லை. இதை நான் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். எதையும் சொல்லவில்லை. சப்பாத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

ஜனவரி 27, புதன்

தர்மகுலம் வந்து வாகனத்தைச் சுற்றிப் பார்த்தான். முன்னால் குந்தியிருந்து தகட்டின் அடியைத் தடவினான்.

"வலப்பக்கச் சப்பாத்துக்கு முளை இல்லை. கம்பியாலை கட்டியிருக்கு. ஏன்?"

"எங்கையோ விழுந்து போச்சு."

"எப்ப?"

"தெரியேல்லை மச்சான். சல்லியுக்கை விழுந்திருக்கும்."

அவன் எழும்பி முழங்காலைத் தட்டினான். முன் ஸ்பிரிங்கையும் பார்த்திருப்பான், கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 31, ஞாயிறு

உடுப்புத் தோய்க்கிற மெஷின் கடகடவென்று அடித்தது. சுகிர்தா நிறுத்திக் கையை விட்டு எடுத்தாள். விரல் நீள இரும்பு முளை.

"இதென்ன, உங்கடை ஜக்கெற் பொக்கெற்றுக்கை?"

வாகனத்துச் சாமான் என்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அக்காவின் மகள் திருப்பித் தந்த அதே ஜக்கெற். அவள் மற்றப் பொக்கெற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு முளையைத் துடைத்து இந்தக் கொப்பியின் மேல் வைத்துவிட்டு மற்ற உடுப்பை விரிக்கப் போனாள்.

பெப்ரவரி 2, செவ்வாய்

தலைவர் தொலைபேசியில் பேசினார். வருகிற 14ஆம் திகதி பொதுக்கூட்டத்தில் குருக்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானம் கொண்டுவருகிறார்களாம். "நல்ல பெடியன்தான். ஆனால் கவனம் இல்லாட்டி என்ன செய்யிறது. நீங்களும் கையை உயர்த்துவீங்கள்தானே?"

ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 7, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் போனபின் குருக்கள் என்னை வடக்கு வீதிக்குக் கூப்பிட்டார். வேட்டிக்கு மேல் பெரிய குளிர் ஜக்கெற், தலையில் குரங்குத் தொப்பி. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினாலு.

"அண்ணை, விடிய எட்டு மணிக்கு இந்த இடத்திலை ஒரு வாளி தண்ணி ஊத்தினனான். நீங்கள் விட்ட ரண்டு சென்ரிமீற்றர் ஸ்னோவுக்கு மேலை. இப்ப பாருங்கோ."

தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அதன் மேல் ஏறி நடந்தார். திரும்பி நடந்தார். பனி தண்ணீரை உறிஞ்சிச் சொரசொரவென்று, வெல்லக் கட்டி மாதிரி உறைந்து கிடந்தது.

"வழுக்கேல்லை. நாலு தரம் செய்து பாத்திட்டன். ஒருக்காலும் வழுக்கேல்லை. அப்ப அண்டைக்கு மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி உறைஞ்சது? எனக்கு விளங்கேல்லை அண்ணை." என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். "பால் கூடினதாலை இருக்குமோ?"

"இருக்கும்" என்றேன். "பாலிலை கொழுப்பு இருக்குத்தானே."

அப்படித்தான் சொன்னேன். எழுதாமல் விட முடியாது, சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "அப்ப அடுத்தமுறை பாலுக்கு வேறை வாளி வைப்பன்" என்றார். அடுத்தமுறை அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். மகள் படித்த பாட்டொன்றைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினார். முழுவதும் கேட்டேன்.

பெப்ரவரி 8, திங்கள்

வெட்கமாக இருக்கிறது. பதினேழு நாளாக இந்தக் கொப்பியிலும் பொய்யெழுதியிருக்கிறேன். பொய்கூட இல்லை, எழுதாமல் விட்டிருக்கிறேன். அது இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். தைப்பூசத்தன்று காலை ஆறே காலுக்குச் சல்லித் தரிப்பிடத்தைத் தள்ளி முடித்துவிட்டு, வடக்கு வீதி தொடங்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்தினேன். முழங்காலிட்டு இரண்டு முளையையும் இழுத்தெடுத்தேன். இரண்டு சப்பாத்தையும் கழற்றிப் பின்பெட்டியில் போட்டேன். நாலு வீதியையும் கொங்கிறீற் தெரிய வழித்தேன். ஒரு பொட்டுப் பனி இல்லை. திரும்பிப் பார்த்தபோது கழுவி விட்டதுபோல் இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தர்மகுலம் இல்லாத நாளில் நானூறு பேர் இதைப் பார்ப்பார்கள், அவன் காதுக்குத் தானாகப் போகும் என்று நினைத்தேன். ஆறாவது வாளிவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏழாவது வாளியின் தண்ணீர் விழுந்த இடத்தில் உறிஞ்ச ஒன்றுமில்லை.

அக்காவை அம்புலன்ஸில் ஏற்றியபின் வாகனத்தடிக்கு ஓடிப்போய்ச் சப்பாத்தைப் பூட்டினேன். பெட்டியில் ஒரு முளைதான் கிடந்தது. மற்றது என் ஜக்கெற்றோடு அக்காவின் மேல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதனால்தான் கம்பி.

நீலக் கோப்பின் வரி முதல்நாளே எழுதியது. துப்புரவென்று புகழ்ந்தவர்கள் யாரும் அந்த வரியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. திருத்தவில்லை. திருத்தப் பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 13, சனி

அக்கா இப்போது நடைப்பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தனியாகப் போனேன். சுகிர்தா சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் கட்டித் தந்தாள். பார்சலைக் கையில் தரும்போது "கதைச்சிட்டு வாங்கோ" என்றாள்.

அக்கா கதிரையில் இருந்தார், பக்கத்தில் நாலு கால் தடி. கால் சின்னதாகிவிட்டது மாதிரி இருந்தது. பத்து நிமிடம் குளிரைப் பற்றிக் கதைத்தேன். பிறகு முளையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அக்கா, நான் அண்டைக்குச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் வழிச்சனான்."

"தெரியும்."

அவர் குழம்பை மோந்துவிட்டு மூடியை மூடினார்.

"பால்குடம் இறக்க முதன்முதல் வந்த கார் என்ரை மகளின்ரை. தகட்டுக்கு முன்னாலை முழங்காலிலை இருந்தீர். பூசத்துக்குக் கும்பிடுறீராக்கும் எண்டு நினைச்சன். பிறகு பாத்தால் சப்பாத்தைக் கழட்டிப் பெட்டியிலை போடுறீர்."

"அப்ப ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் கேட்டிருந்தால் நீர் இல்லை எண்டிருப்பீர். பிறகு அந்தப் பொய்யை நீர் விடமாட்டீர். உம்மை எனக்குத் தெரியும்." நாலு கால் தடியைக் கிட்ட இழுத்தார். "ஐயருக்குப் போகச் சொல்லிக் காயிதம் குடுக்கிற நாள்வரைக்கும் பாப்பம் எண்டிருந்தன். நாளைக்குத்தானே கூட்டம். மகளை விடியக் காரோடை வரச் சொல்லியிருக்கிறன்."

அந்தத் தடியோடு கூட்டத்துக்கு வர இருந்திருக்கிறார்.

பிறகு அவரே சொன்னார்: "நான்தானே சொக்ஸ் நனையுது எண்டு முறைப்பட்டனான். எனக்காகக் கழட்டினீரோ?"

வருகிற வழியெல்லாம் இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. "ஓம் அக்கா, உங்கடை கால் நனையக்கூடாது எண்டுதான்" என்று சொன்னால் போதும். நல்லவனாக வெளியே வந்துவிடலாம். அவரே கதவைத் திறந்து தருகிறார்.

"இல்லை அக்கா. தர்மகுலத்தை வெல்லுறதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். விழுந்து கிடந்தபோது பார்த்த அதே பார்வை.

"அப்ப சரி" என்றார். "எனக்காக எண்டு சொல்லியிருந்தீரெண்டால், இந்த இடுப்போடை அந்தப் பாரத்தையும் நான்தான் சுமந்திருக்க வேணும்."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சோற்றை எடுத்து வைக்கச் சொன்னார். சாப்பிட்டு முடியும்வரை இருந்தேன்.

பெப்ரவரி 14, ஞாயிறு

தீர்மானம் வாசிக்குமுன் எழுந்தேன். நீலக் கோப்பின் பக்கத்தில் இந்தக் கொப்பியையும் முளையையும் வைத்து, 8ஆம் திகதிப் பக்கத்தை வாசித்தேன். பாலில் கொழுப்பு இருக்கிறது என்று சொன்னதையும் வாசித்தேன். அந்த இடத்தில் குருக்கள் நிலத்தைப் பார்த்தார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தலைவர் வாகனத்தின் திறப்பை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நீலக் கோப்பைத் திருத்திக் கையெழுத்திட்டேன், காப்புறுதிக்காரருக்குத் தனியாகவும் எழுதிக் கொடுத்தேன். சிலர் இனி என்னோடு கதைக்க மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. தீர்மானம் எடுபடவில்லை. குருக்களுக்கு இரண்டு வருடம் புதுப்பித்தார்கள்.

வாசலில் அவர் என்னைக் கடந்து போனார். நாலடி போய்த் திரும்பி வந்து விபூதி தந்தார்.

பெப்ரவரி 21, ஞாயிறு

இரும்புத் தகட்டைக் கழற்றிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்து, பிளாஸ்டிக் தகடு எடுத்தார்கள். ஏற்றி இறக்க ஆள் போதவில்லை என்று யாரோ சொல்ல, நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாரம் பாதிதான் இருந்தது.

மார்ச் 5, வெள்ளி

பனி: ஒன்பது சென்ரிமீற்றர், நல்ல ஈரம். தகடு: பிளாஸ்டிக், றப்பர் விளிம்பு. ஓட்டியவர்: தர்மகுலம். சப்பாத்து: போட்டிருந்தது, நானே குனிந்து பார்த்தேன். வடக்கு வீதியில் விட்டது: இரண்டு சென்ரிமீற்றர், அடிமட்டம் வைத்து அளந்தது. கோமுகி வாளி: நான், நாலு தரம். எழுதிய நேரம்: வேலை முடிந்தபின்.

இப்போது என் வேலை வாளிதான். யாரும் தரவில்லை, நானாகத்தான் போய் நிற்கிறேன். குருக்கள் அபிஷேகம் தொடங்குமுன் உள்ளே இருந்து ஒருதரம் மணி அடிப்பார், நான் வெளியே சுவரில் தட்டுவேன். இரண்டு கிழமையாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கு மணி அடித்துவிட்டு, "அண்ணை, நிக்கிறியளோ?" என்றும் கேட்டார். நிற்கிறேன் என்றேன். புவனராணி அக்கா அடுத்த வெள்ளி வருகிறாராம். சுற்றுவதற்கில்லை, வாசலில் இருந்து பார்ப்பதற்கு.

நாலாவது வாளியோடு நின்றபோது தர்மகுலம் வளைந்து வந்தான். அந்த ஈரப் பனி தகட்டில் ஒரு துளி ஒட்டாமல், சுருண்டு சுருண்டு ஓரத்துக்குப் போனது. வண்டியின் மூக்கும் கூனவில்லை. என் பக்கத்தில் நிறுத்தி, காலியாகக் கிடந்த மற்ற இருக்கையைக் கையால் தட்டினான். டிசம்பரிலிருந்து அந்த இருக்கையில் என் மண்வெட்டியைத் தவிர யாரும் இருந்ததில்லை. வாளியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஏறினேன்.

வடக்கு வீதி முடியுமட்டும் தகட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். சபைக்கு முன்னால் அவ்வளவையும் வாசித்தவனுக்கு இந்த ஒரு வரிதான் பாரமாக இருந்தது. மேற்கு வீதியில் திரும்பும்போது சொன்னேன்.

"பிளாஸ்டிக்தான் சரி மச்சான்."

அவன் எஞ்சினை நிறுத்தினான். முழுக் காணியும் அமைதியாகிவிட்டது.

"இப்ப சொல்லு" என்றான்.

திரும்பவும் சொன்னேன்.